சால் தப்பிய மாடு

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம். ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பத்தினது. சொல்லாராய்ச்சின்னு ஆரம்பிச்சாலே பாதிப் பேர் மூடிட்டு ஓடிருவீங்கன்னு தெரியும் :-) ஆனா இந்தச் சொல் எங்க அப்பாவோட கையைக் கட்டில்ல இருந்து அவிழ்த்து விட்ட சொல். அதனால கொஞ்சம் பொறுமையா வாசிங்க.

சொல் இதுதான்: டெலிரியம்.

அகராதியைப் புரட்டினா ஜன்னி, பிதற்றல், சித்தப்பிரமை இந்த மாதிரி ஏதாவது போட்டிருக்கும். நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். பைத்தியத்துக்கு ஆங்கிலத்துல இருக்கிற பத்துப் பதினைஞ்சு சொல்லுல இதுவும் ஒண்ணு, கொஞ்சம் படிச்சவங்க பாஷை, அவ்வளவுதான்னு.

முதல்ல இதோட பங்காளிகளைப் பாத்துருவோம். லூனாட்டிக் எல்லாருக்கும் தெரிஞ்சது. லத்தீன்ல லூனா என்றால் நிலா. லூனாட்டிகஸ் என்றால் நிலா பிடிச்சவன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி முத்தும் என்கிற நம்பிக்கை. நம்ம ஊர்ல அமாவாசையையும் சேர்த்துக்கிட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம். இன்சேன் இன்னும் எளிசு. சானுஸ் என்றால் சுகமா இருக்கிறவன், முன்னாடி ஒரு 'இன்' போட்டா சுகம் இல்லாதவன். இதுல படமே கிடையாது, வெறும் மறுப்பு. மெலங்கலி லத்தீன் இல்லை, கிரேக்கம். கறுப்புப் பித்தம்னு அர்த்தம்.

இந்த இடத்துல நாம சிரிக்க முடியாது. ஏன்னா நம்ம 'பைத்தியம்' இருக்கு பாருங்க, அதுவும் பித்தத்துல இருந்து வந்ததுதான். வடமொழி வழியா. பித்தம் தலைக்கேறினா பித்து, பித்துப் பிடிச்சவன் பித்தன். கிரேக்கனும் நம்மாளும் ஒரே குடத்துல தண்ணி மொண்டிருக்காங்க. சிவனுக்கே பித்தன்னு பேர், தலையில பிறை வேற. ரோமாபுரிக்காரன் பாத்திருந்தா 'அடடே, லூனாட்டிகஸ்'னு சொல்லிக் கும்பிட்டுப் போயிருப்பான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நிலா, பித்தம், சுகமின்மை, இது எல்லாமே 'எதனால வந்தது' அல்லது 'எது இல்லை'னு சொல்ற சொற்கள். டெலிரியம் அப்படி இல்லை. என்ன நடந்ததுன்னு காட்டுது. லத்தீன்ல 'டே' என்றால் விட்டு விலகி. 'லீரா' என்றால் உழுத நிலத்துல ரெண்டு சாலுக்கு நடுவுல எழும்பி நிக்கிற மண் வரப்பு. (இத்தாலிக்காரனோட பழைய லிரா காசுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. அது தராசு, எடை சம்பந்தப்பட்ட லிப்ரா என்ற சொல்லுல இருந்து வந்தது.) ஆக, டெலிராரே என்றால் சால் விட்டு விலகிப் போறது. ஏர் நேரா போய்க்கிட்டு இருக்கு, திடீர்னு மாடு ஒரு பக்கமா இழுக்குது, கலப்பை கோணிக்கிட்டுப் போகுது. அதைப் பாத்த எவனோ ஒரு குடியானவன், சம்பந்தா சம்பந்தமில்லாம பேசினவனைப் பாத்து 'என்னப்பா, சால் தப்பிப் போறே'ன்னு சொல்லியிருக்கணும். அந்தப் பேச்சு நின்னு போச்சு.

மூத்த பிளினி தெரியுமில்லையா, கி.பி. 79-ல வெசுவியஸ் எரிமலை வெடிச்சப்ப செத்துப் போனாரே, அவர். அவரோட இயற்கை வரலாற்றுல 18-ஆம் புத்தகம் முழுக்க விவசாயம். அதுல இந்தச் சொல்லுக்குச் சின்னதா வேற விளக்கம் வச்சிருக்கார். விதைச்ச பிறகு கலப்பையில பலகை கட்டி இழுத்து விதையை மூடுறதுக்கு லிராரே என்று பேர். நாம பரம்படிக்கிற மாதிரி. அப்படி மூடாம விட்டதைத்தான் முதல்ல டெலிராட்டியோன்னு சொன்னாங்கன்னு அவர் சொல்றார். மாடு விலகிச்சோ, பரம்படிக்க மறந்தானோ, எப்படியும் சொல் பிறந்த இடம் வயக்காடு. மருத்துவர் வீடு இல்லை, கோயில் இல்லை, நீதிமன்றம் இல்லை.

மூணு வருஷம் முன்னாடி எங்க அப்பா மாட்டுத் தொழுவத்துல வழுக்கி விழுந்தார். தொழுவம்னு பேர்தான், மாடு கிடையாது. 1994-ல கடைசி ஜோடியை வித்ததோட சரி. அப்புறம் டிராக்டர்தான். பழைய பைக், சைக்கிள், விறகு போட்டு வச்சிருக்கிற இடம். இடது இடுப்பெலும்பு முறிஞ்சிருச்சு. 78 வயசு. ஆஸ்பத்திரியில சேர்த்து மறுநாள் ஆபரேஷன். நல்லபடியா முடிஞ்சதுன்னு டாக்டர் வெளிய வந்து சொன்னார். அப்பாவும் மறுநாள் சாயங்காலம் வரைக்கும் பேசிக்கிட்டு இருந்தார். காபி ஆறிப் போச்சுன்னு சண்டை கூடப் போட்டார்.

அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு என்னை எழுப்பினார். எழுப்பினார்னு சொல்றது தப்பு, கத்தினார். "ஏலே, மயிலை அவுந்துக்கிட்டுப் போவுது பாருலே"ன்னு. மயிலைங்கிறது எங்க வீட்டு வலத்து மாடு. அது போய் முப்பது வருஷமாச்சு. என்னை எங்க பெரியப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். கையில இருந்த டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கினார், ரத்தம். கால்ல கம்பி வச்சுத் தச்சிருக்காங்க, அதோட எறங்கிப் போகப் பாக்கறார். படுக்கை விரிப்பை ரெண்டு விரலால கிள்ளிக் கிள்ளி எடுக்கறார், களை பறிக்கிற மாதிரி. சுவர்ல எறும்பு ஊருதுங்கறார். நான் பாத்தேன், எறும்பு இல்லை.

நர்ஸ் வந்தாங்க, ஆயாம்மா வந்தாங்க. காட்டன் பேண்டேஜ் துணியால ரெண்டு கையையும் கட்டில் கம்பியோட சேர்த்துக் கட்டினாங்க. நானும் பிடிச்சுக்கிட்டேன். இதை எழுதறதுக்குத்தான் மூணு வருஷம் ஆச்சு எனக்கு.

விடியக்காலை அத்தை வந்தாங்க. கட்டுப் போட்டிருந்த அண்ணனைப் பாத்து வாயைப் பொத்திக்கிட்டு அழுதாங்க. "எங்க அண்ணனுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சே, இந்த வயசுல"ன்னு. பக்கத்துக் கட்டில்காரங்க வீட்டு அம்மா, ராத்திரி பூரா தூங்கவிடலைங்கிற கோவத்தோட, "மூளை கலங்கிருச்சுங்க, ஆபரேஷன்ல மயக்க மருந்து ஜாஸ்தி குடுத்துட்டா இப்படித்தான் ஆகும், திரும்பாது"ன்னாங்க. அத்தை உடனே மந்திரிக்கிறதுக்கு ஆள் சொன்னாங்க. எங்க அண்ணன் ஒரு படி மேல போயி, இனிமே அப்பாவை யாரு பாத்துக்கிறது, காட்டை எப்ப எழுதி வாங்கறதுன்னு வராண்டாவுல என்கிட்ட ஆரம்பிச்சிட்டான். அண்ணனைக் குத்தம் சொல்லலை. 'பைத்தியம்'னு ஒரு சொல் விழுந்திருச்சுன்னா அடுத்த அடுத்த காரியம் தன்னால வரிசையில வந்து நின்னுரும். அந்த வரிசைதான் நான் சொல்ல வர்றது.

எட்டு மணிக்கு டூட்டி டாக்டரம்மா வந்தாங்க. சின்னப் பொண்ணு, பயிற்சி முடிச்சு ஒரு வருஷம் இருக்கலாம். நான் கையெடுத்துக் கும்பிடாத குறையா, "மேடம், அப்பாவுக்கு மூளை பாதிச்சிருச்சு"ன்னேன். அவங்க கேட்ட முதல் கேள்வி, "எப்ப இருந்து?"

"நேத்து ராத்திரியில இருந்து."

"அதுக்கு முன்னாடி?"

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா பேசிக்கிட்டு இருந்தாரு மேடம்."

"அப்ப இது பைத்தியம் இல்லை சார். டெலிரியம். காரணம் இருக்கும், தேடணும்."

அப்பா பக்கத்துல குனிஞ்சு, "ஐயா, ஞாயித்துக்கிழமையில இருந்து பின்னாடி சொல்லிக்கிட்டே வாங்க பாப்போம்"னாங்க. அப்பா ஞாயிறு, சனின்னார். வெள்ளி சொல்லலை, சுவரைப் பாத்தார். மறுபடி ஞாயிறுன்னார். டாக்டரம்மா எனக்கு விளக்கினாங்க. ஞாபகம் போகலை, அறிவு போகலை, கவனம்தான் நிக்க மாட்டேங்குது. ஒரு நினைப்புல இருந்து அடுத்த நினைப்புக்கு நேர்கோட்டுல போக முடியலை. அதான் டெலிரியத்தோட அடையாளம். திடீர்னு வரும், ஏறி இறங்கும், ராத்திரியில கூடும்.

அப்புறம் ஒண்ணொண்ணா பாத்தாங்க. சிறுநீர்ல கிருமி. ரத்தத்துல சோடியம் குறைஞ்சிருக்கு. ரெண்டு நாளா மலம் போகலை. முந்தின நாள் சாயங்காலம் அத்தை பையன் சளிக்குன்னு மெடிக்கல்ல வாங்கிக் குடுத்த மாத்திரை ஒண்ணு. நாங்க யாரும் அதை ஒரு விஷயமாவே நினைக்கலை. வயசானவங்க மூளையைக் குழப்பறதுல இந்த மாதிரி சில பழைய சளி மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் முதல் வரிசையில இருக்குன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது. "கண்ணாடி போடுவாரா?"ன்னு கேட்டாங்க. போடுவார். எங்க? ஆபரேஷனுக்கு முன்னாடி கழட்டிப் பைக்குள்ள வச்சது, அப்படியே பைக்குள்ள இருக்கு. அந்த ஜன்னலில்லாத வார்டுல, கண்ணாடி இல்லாம, ராத்திரியா பகலான்னு தெரியாம, அவருக்குத் தெரிஞ்ச ஒரே ராத்திரி எதுவோ அங்க போயிட்டார். மாடு அவுந்துக்கிட்ட ஒரு ராத்திரி.

கட்டை அவிழ்க்கச் சொன்னாங்க. ஒரு ஆள் கூடவே உக்காந்துக்கணும், அவ்வளவுதான். கட்டினா இன்னும் முறுக்கும், குழப்பம் கூடும்னாங்க. அவிழ்த்தேன். மணிக்கட்டுல துணி அழுத்தின தடம்.

நாலு நாள்ல திரும்பி வந்தார். ஒரேயடியா இல்லை. காலையில தெளிவு, சாயங்காலம் கலக்கம், மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடுதல் தெளிவுன்னு. ஐந்தாம் நாள் காபி ஆறிப் போச்சுன்னு மறுபடி சண்டை.

வீட்டுக்கு வந்ததும் நான் இந்தச் சொல்லைத் தேட ஆரம்பிச்சேன். முதல் நூற்றாண்டு ரோமாபுரியில செல்சஸ்னு ஒருத்தர் லத்தீன்ல மருத்துவ நூல் எழுதியிருக்கார். இந்தச் சொல்லை மருத்துவத்துக்குள்ள கொண்டு வந்தவர்கள்ல அவரை முக்கியமா சொல்றாங்க. காய்ச்சலோட வர்ற குழப்பத்தை ஒரு பக்கம், வருஷக்கணக்கா நீடிக்கிற பைத்தியத்தை இன்னொரு பக்கம்னு அப்பவே பிரிச்சு வச்சிருக்கார். ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி! எங்க வார்டுல அன்னிக்கு யாருக்கும் பிரிக்கத் தெரியலை, என்னையும் சேர்த்து.

அதே மனுஷன் ஒரு அழகான விஷயம் சொல்றார். பழைய வைத்தியருங்க இப்படிப்பட்ட நோயாளியை இருட்டுல வைக்கணும்னாங்க. அஸ்கிலெபியாடிஸ் என்ற வைத்தியர் இருட்டே பயத்தைக் கிளப்பும், வெளிச்சத்துல வைங்கன்னார். செல்சஸ் சொல்றது, ரெண்டையும் வச்சுப் பாரு, இருட்டுக்குப் பயப்படறவனுக்கு வெளிச்சம் குடு, வெளிச்சத்துக்கு மிரள்றவனுக்கு இருட்டைக் குடுங்கிற மாதிரி. ஆளைப் பாத்து முடிவு பண்ணுன்னு அர்த்தம்.

ஆனா அதே நூல்ல, அதே பகுதியில, கட்டி வைக்கிறதும் இருக்கு. மூர்க்கமா இருக்கிறவங்களை, தனக்கோ அடுத்தவங்களுக்கோ காயம் பண்ணாம இருக்கக் கட்டலாம்ங்கறார். கட்டுப்பட்டவன் அவிழ்த்து விடச் சொல்லி எவ்வளவு புத்தியோட, எவ்வளவு பரிதாபமா பேசினாலும் நம்பக் கூடாது, அது பைத்தியத்தோட சூதுங்கறார். நீடிச்ச பைத்தியத்துல ஒரு வகைக்குப் பட்டினி, விலங்கு, அடி எல்லாமே வைத்தியம்னு எழுதி வச்சிருக்கார். இதை வாசிச்சப்ப எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. ஏன்னா அன்னிக்கு ராத்திரி எங்க அப்பா நடுவுல ஒரு தடவை ரொம்பத் தெளிவா, "தம்பி, கை வலிக்குதுப்பா, அவுத்து விடு, நான் எங்கயும் போகலை"ன்னார். நான் அவிழ்க்கலை. நடிக்கிறார்னு நினைச்சேன். செல்சஸை வாசிக்காமலேயே செல்சஸ் சொன்னபடி நடந்திருக்கேன்.

கட்டறது ஏதோ பழங்காலத்துப் பழக்கம்னு நினைக்க வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில, மனநோய் உள்ளவங்களை வச்சிருந்த ஒரு இடத்துல விடியக்காலை தீப்பிடிச்சு 28 பேர் செத்தாங்க. ஓட முடியலை, சங்கிலி. அவங்களுக்கு இருந்தது வேற நோய், எங்க அப்பாவுக்கு வந்தது வேற. ஆனா வரிசை ஒண்ணுதான். முதல்ல சொல், அப்புறம் கயிறு.

லூனாட்டிக்கை எடுத்துக்கோங்க. அந்தச் சொல்லை வச்சு இந்தியாவுல ஒரு சட்டமே இருந்தது, 1912-ஆம் வருஷத்து இந்தியன் லூனசி ஆக்ட். பேர்லயே நிலா. 1987-ல வேற சட்டம் போட்டு, அது 1993-லதான் அமலுக்கு வந்தது. அதுவரைக்கும் நாம ஒரு மனுஷனை நிலா பிடிச்சவன்னு சட்டப்படி சொல்லிக்கிட்டு இருந்தோம். இப்ப இருக்கறது 2017-ஆம் வருஷத்துச் சட்டம், அதுல சங்கிலி போடறது எந்த வகையிலயும் கூடாதுன்னே எழுதியிருக்கு. பிரிட்டனே 1930-ல சட்டத்துல அந்தச் சொல்லைக் கைவிட்டிருச்சு. அமெரிக்கா தன்னோட மத்திய சட்டங்கள்ல இருந்து அதை எடுத்தது 2012-ல. சொல்லை மாத்தினா எல்லாம் மாறிருமான்னு கேப்பீங்க. மாறாது. ஆனா நிலா பிடிச்சவனுக்கு யாரும் சோடியம் பாக்க மாட்டாங்க. நிலாவை என்ன பண்ண முடியும்? கட்டத்தான் முடியும்.

இதுதான் என் கட்சி. ஒரு சொல்லுக்குள்ள இருக்கிற படம் சும்மா அலங்காரம் இல்லை. அது அடுத்து என்ன செய்யணும்னு சொல்லுது. நிலா பிடிச்சது, பேய் பிடிச்சது, பித்தம் தலைக்கேறினது, எல்லாத்துலயும் ஆளை ஏதோ ஒண்ணு புடிச்சு வச்சிருக்கு. அதை ஓட்டணும், அடக்கணும். சால் தப்பினதுன்னா அப்படி இல்லை. மாடு அதே மாடு, வயல் அதே வயல், போட்ட சால் அங்கேயேதான் கிடக்கு. ஏன் விலகிச்சுன்னு பாக்கணும்.

அப்பாகிட்டயே இதைச் சொன்னேன். வாக்கர் பிடிச்சு நடக்கப் பழகிக்கிட்டு இருந்த சமயம். "அப்பா, உங்களுக்கு அன்னிக்கு வந்ததுக்கு லத்தீன்ல சால் தப்பினதுன்னு பேரு"ன்னேன். லத்தீன்னா என்னன்னு கேக்கலை. "மாடு எதுக்குச் சால் தப்பும் தெரியுமா?"ன்னு என்னைத் திருப்பிக் கேட்டார். நான் முழிச்சேன். அவரே சொன்னார். நுகத்தடி ஒரு பக்கம் சாஞ்சிருந்தா தப்பும். ஒரு மாடு மட்டும் கனத்த மாடா இருந்தா இழுத்துக்கிட்டுப் போகும். கொழு தேஞ்சு போயிருந்தா, அடியில கல்லோ வேரோ தட்டினா, கழுத்துல புண் இருந்தா, தண்ணி காட்டாம பூட்டியிருந்தா, ஓட்டறவன் மேழியில பாரம் குடுக்காம பராக்குப் பாத்தா. அவர் எண்ணிக்கிட்டே போனார். எனக்கு டாக்டரம்மா சொன்ன பட்டியல் ஞாபகம் வந்தது. கிருமி, உப்பு, மலச்சிக்கல், மருந்து, கண்ணாடி, தூக்கம், வலி. "அப்ப மாட்டை அடிப்பீங்களா?"ன்னேன். "அடிக்கிறவனும் உண்டு"ன்னார். அதுக்கு மேல பேசலை.

தமிழ்ல நமக்கு மாட்டுல இருந்து வந்த சொல் இல்லையான்னு யோசிச்சேன். இருக்கு. தறிகெட்டுத் திரியறான்ங்கறோமே, அந்தத் தறி நெசவுத் தறி இல்லை, மாடு கட்டற கட்டுத்தறி. கட்டுத்தறியை விட்டுப் போன மாடு. ஆனா அது திட்டற சொல்லா ஆயிருச்சு. அடங்காதவன்னு அர்த்தம் வந்திருச்சு. ரோமாக்காரன் மாட்டை வேலை செய்யும்போது பாத்தான், நாம கட்டிப் போட்டிருக்கும்போது பாத்தோம் போல. (இது சும்மா என் கற்பனை, தமிழறிஞர்கள் அடிக்க வர வேண்டாம்.) ஜன்னின்னு நல்ல சொல் ஒண்ணு இருந்தது. எங்க பாட்டி காலத்துல 'ஜன்னி கண்டிருச்சு'ன்னா யாரும் பைத்தியம்னு நினைக்க மாட்டாங்க. காய்ச்சல் இறங்கினா சரியாயிரும்னு நெத்தியில ஈரத்துணி போட்டுக்கிட்டுப் பக்கத்துல உக்காருவாங்க. அந்தச் சொல் இப்ப பேச்சுல தேஞ்சு போச்சு. அதோட அந்தப் பக்கத்துல உக்கார்றதும் போச்சுன்னுதான் எனக்குத் தோணுது.

பக்கத்துல உக்கார்றது ஏதோ பாசத்துக்காகச் சொல்றேன்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல ஷேரன் இனோய் என்ற மருத்துவர் 1999-ல வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு. 70 வயசு தாண்டின 852 நோயாளிகள். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பாதிக்குக் கூடுதலா செஞ்சது என்ன தெரியுமா? இது என்ன கிழமை, நீங்க எங்க இருக்கீங்கன்னு அடிக்கடி சொல்றது, கண்ணாடியும் காது மெஷினும் மாட்டி விடறது, தண்ணி குடிக்க வைக்கிறது, மெல்ல நடக்க வைக்கிறது, ராத்திரி மாத்திரை குடுக்காம வெதுவெதுப்பா ஏதாவது குடிக்கக் குடுத்து முதுகு பிடிச்சு விட்டுத் தூங்க வைக்கிறது. புது மருந்து ஒண்ணுமே கிடையாது. வழக்கமான கவனிப்புல இருந்தவங்கள்ல 15 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. கூடுதல் கவனிப்புல 9.9 சதவீதம். பாட்டி வைத்தியத்துல மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கு.

இன்னும் ரெண்டு விஷயம் சொல்லணும், ஏன்னா கத்தறவங்களை மட்டும்தான் நான் எழுதியிருக்கேன். சத்தமே போடாத டெலிரியமும் உண்டு. பெரியவர் சுருண்டு படுத்துக்கிடுவார், கூப்பிட்டா லேசா கண்ணைத் திறப்பார், சாப்பாடு வாயிலயே இருக்கும். 'பாவம், அசதியில தூங்கறார், தொந்தரவு பண்ணாதீங்க'ன்னு நாமளும் விட்டுருவோம். இதுதான் ரொம்ப ஆபத்து, யார் கண்ணுலயும் படாது. எல்லாரும் எங்க அப்பா மாதிரி முழுசா திரும்பியும் வந்துடறதில்லை. சிலருக்கு மறதி நோயா நீளுது. சிலர் அந்த நோய்லயே போயிடறாங்க. அதனாலதான் அவசரம்.

இன்னொண்ணு குடி. பல வருஷம் தினமும் குடிச்சவர் திடீர்னு நிறுத்தினா ரெண்டு மூணு நாள்ல கை நடுங்கும், வேர்க்கும், பூச்சி ஊருதுன்னு உடம்பைத் தட்டுவார், இல்லாத ஆளோட பேசுவார். தாமஸ் சட்டன் என்ற ஆங்கில மருத்துவர் 1813-ல இதுக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ்னு பேர் வச்சார். நடுக்கத்தோட வர்ற சால் தப்பல். மாலை போட்டுக் குடியை விட்டவருக்கு 'சாமி வந்திருச்சு', 'காத்துக் கருப்பு அடிச்சிருச்சு'ன்னு எங்க ஊர்லயே கேட்டிருக்கேன். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலைன்னா உயிருக்கே ஆபத்தான நிலை அது. அங்க கொண்டு போறதுக்குப் பதிலா வேப்பிலை அடிப்பாங்க.

தமிழ்ல என்ன சொல்லலாம்னு கேட்டா என்கிட்ட பதில் இல்லை. சித்தப்பிரமைன்னா மறுபடி பைத்தியத்துலதான் போய் நிக்கும். சால் தப்பல்னு சொல்ல எனக்கு ஆசைதான், ஆனா இன்னிக்கு ஏர் ஓட்டினதைப் பாத்தவங்களே எத்தனை பேர்? சொல் கிடைக்கற வரைக்கும் ஒரு வாக்கியத்தை வச்சு ஓட்டலாம்னு தோணுது. உங்க வீட்டுப் பெரியவர் ஆஸ்பத்திரியில திடீர்னு உளற ஆரம்பிச்சா, 'மூளை கலங்கிருச்சு'ன்னு டாக்டர்கிட்ட போய் நிக்காதீங்க. 'நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா இருந்தாரு'ன்னு சொல்லுங்க. இன்ன மாத்திரை புதுசா குடுத்தோம்னு அதையும் சேர்த்துச் சொல்லுங்க. கண்ணாடியை எடுத்து மாட்டி விடுங்க.

அப்பாவுக்கு அந்த நாலு நாள்ல பாதி ஞாபகம் இருக்கு. அதுவும் எனக்கு அன்னிக்குத் தெரியாது, எல்லாம் மறந்திருப்பார்னு நினைச்சேன். போன பொங்கலுக்குத் தொழுவத்தைக் கழுவி விட்டுக்கிட்டு இருக்கும்போது கேட்டார், "அன்னிக்கு என் கையைக் கட்டினது யாரு, நீயா?"ன்னு. ஆமாப்பான்னேன். தலையை ஆட்டிட்டு, தண்ணியை அந்தப் பக்கம் தள்ளி விடச் சொன்னார்.

பி.கு: பிளினியை விட மனசில்லை. அதே 18-ஆம் புத்தகத்துல இன்னொரு சொல்லும் இருக்கு. உழுகிறவன் குனிஞ்சு அழுத்தாம நிமிர்ந்து நின்னா கலப்பை கோணிக்கிட்டுப் போகும், அதுக்கு ப்ரேவாரிகாரி என்று பேர், வயல்ல இருந்த அந்தக் குத்தம்தான் பிற்பாடு நீதிமன்றத்துக்குப் போச்சுங்கறார். அங்க அதுக்கு அர்த்தம், வாதாட வேண்டிய வக்கீலே எதிர்க்கட்சியோட ரகசியமா கை கோத்துக்கிறது. ஆங்கிலத்துல ப்ரிவாரிகேட்னு இப்பவும் இருக்கு, மழுப்பிப் பேசறது. கவிதை எழுதற நண்பர்களுக்கும் ஒண்ணு: வெர்ஸ் என்கிற சொல்லே ஏர் வயல் கோடியில திரும்பறதுல இருந்து வந்ததுதான். திரும்பினீங்களா, கோணிக்கிட்டுப் போனீங்களாங்கறதை நீங்களே சொல்லுங்க ;-)